விலைச்சீட்டில் எழுதாத செலவு

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மின்சக்தி, கைத்தொழில், உலக வர்த்தகம் ஆகிய மூன்றும் நாம் வாழும் சூழலை எவ்வாறு பாதிக்கின்றன என்பதுபற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். விடயம் மிகப் பெரியது. உலக மகாநாடுகளிலே பல நாட்டறிஞர்கள் கூடி வாரக்கணக்கில் விவாதிக்கும் விடயம் இது. இதனை ஒரு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டுமாயின், எமக்குத் தெரிந்த ஓரிடத்திலிருந்து தொடங்குவதே தக்கது. ஆகையால் யாழ்ப்பாணத்துக் கிணற்றடியிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் கடையில் ஒரு பொருளை வாங்கும்போது கடைக்காரர் விலைச்சீட்டுத் தருகிறார். பொருளின் பெயர், நிறை, விலை யாவும் அதில் இருக்கும். அப்பொருளைச் செய்தபோது எந்த ஊரின் நீர் கெட்டது, எந்தக் கடலில் மீன் செத்தது, யாருடைய மூச்சிலே புகை புகுந்தது என்பன அதில் இரா. அவையும் செலவுகளே. யாரோ ஒருவர் அவற்றைக் கொடுத்தே தீருகிறார். கொடுப்பவர் பெரும்பாலும் அந்தப் பொருளை வாங்கியவருமல்லர், விற்றவருமல்லர். இந்த எழுதாத செலவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று நாம் சொல்லுவது மாரியில் மாத்திரம் ஓடும் வெள்ளவாய்க்கால். குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் நாம் நம்பியிருப்பது நிலத்தின் கீழுள்ள நீரையே. அந்நீரைத் தாங்கி நிற்பது சுண்ணக்கல். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்து இறுகிய கல் அது. அதிலே வெடிப்புகளும் பொந்துகளும் குகைகளும் நிறைந்திருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்யும் மழை அவற்றின் வழியாக இறங்கித் தங்குகிறது. கீரிமலைக் கேணியில் ஊறுவதும் நிலாவரையில் நிற்பதும் இந்த நீரே.

இந்நன்னீர் அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் பாரமானது, நன்னீர் இலேசானது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதனை மறுபுறமாகப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்புநீர் 40 அடி மேலே ஏறக்கூடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே நீருக்குக் காவலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு என்பது இல்லை.

இத்தகைய கல்லில் ஓரிடத்தில் ஊற்றியது அவ்விடத்தோடு நிற்பதில்லை. வெடிப்புகளின் வழியே பக்கத்து வளவுக்கும் அடுத்த ஊருக்கும் செல்லும். இனி நான் சொல்லப்போகும் முதலாவது செய்தியை விளங்கிக்கொள்ள இது அவசியம்.

இளைஞர்களே, சுன்னாகத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். யுத்த காலத்திலே குடாநாடு நாட்டின் பிரதான மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது. எமக்கு வேண்டிய மின்சாரத்தை எண்ணெயை எரித்து இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டியிருந்தது. சுன்னாகத்திலே அரச மின்நிலையத்தோடு தனியார் கம்பனி ஒன்றின் மின்நிலையமும் இயங்கியது. அந்த மின்சாரம் எமக்குத் தேவைப்பட்டது என்பதை மறுக்கமாட்டேன். வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும், பரீட்சைக்குப் படித்த பிள்ளையின் மேசைக்கும் அது வெளிச்சம் தந்தது. அவ்வெளிச்சத்துக்கு நாம் மாதந்தோறும் பணமும் செலுத்தினோம்.

எனினும் அந்தப் பற்றுச்சீட்டிலே வராத செலவொன்று நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழைப் பகுதிகளிலே கிணற்றுநீரில் எண்ணெய் மிதப்பதாகவும் மணப்பதாகவும் மக்கள் முறையிட்டனர். 2014ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அம்முறையீடு பெருங் கிளர்ச்சியாயிற்று. பரம்பரை பரம்பரையாகத் தம் வளவுக் கிணற்றில் அள்ளிக் குடித்தவர்கள் பவுசர் வண்டி வரும்வரை குடத்தோடு காத்து நின்றனர். பிரதேச நீதிமன்றத்துக்கு வழக்குச் சென்றது. மின்நிலையத்தின் இயக்கம் நின்றது. பின்னர் வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றத்துக்கும் போயிற்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நிலத்தடி நீரை மாசுபடுத்தியமைக்காக அத்தனியார் கம்பனி அப்பகுதி மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நீதியரசர்கள் அத்தீர்ப்பில் வலியுறுத்தினர்.

இத்தீர்ப்பு இந்நாட்டுச் சட்ட வரலாற்றிலே நினைவுகூரத்தக்கது. எழுதாத செலவை எழுதிக் காட்டி, கொடுக்க வேண்டியவரின் பெயரையும் அதன் கீழே எழுதிய தீர்ப்பு அது. ஆயினும் ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். நட்டஈடு வந்தாலும் சுண்ணக்கல்லின் பொந்துகளுக்குள் இறங்கிய எண்ணெயைத் துடைத்தெடுக்க ஒரு துணி கிடையாது. கணக்கைக் கேட்டோம், ஆனால் கிணறு கெட்ட பின்னரே கேட்டோம்.

இதற்கு மறுதலையாகச் சம்பூரைப் பாருங்கள். திருகோணமலை மாவட்டத்திலே, யுத்தத்தால் இடம்பெயர்ந்த மக்களின் ஊர்ப்பக்கத்தில், 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் ஒன்று அமைக்கத் திட்டமிருந்தது. நிலக்கரிச் சாம்பல் எங்கே போகும், இயந்திரத்தைக் குளிர்விக்கும் சுடுநீர் எந்தக் கடலில் விழும், மீன்பாடு என்னவாகும் என்று மக்களும் சூழலியலாளரும் முன்கூட்டியே கேட்டனர். வழக்கும் தொடர்ந்தனர். 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்படுவதாக அரசாங்கம் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில் அதே சம்பூரிலே 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சுன்னாகத்துக்கும் சம்பூருக்கும் உள்ள வேறுபாடு, கேள்வி கேட்கப்பட்ட காலத்தைப் பொறுத்தது.

இனிக் கைத்தொழிலுக்கு வருவோம். அதற்காக வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. நீரைத் தாங்கும் அதே சுண்ணக்கல்லே கைத்தொழிலுக்கும் மூலப்பொருள். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950ஆம் ஆண்டிலே உற்பத்தியைத் தொடங்கியது. 1990ஆம் ஆண்டிலே யுத்தத்தினால் மூடப்பட்டது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளிலும் அது பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அந்த ஆலையின் சங்கொலியைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். இந்நாட்டின் எத்தனையோ பாலங்களிலும் பாடசாலைகளிலும் எமது மண்ணின் கல் கலந்திருக்கிறது.

சீமெந்து எப்படி உண்டாகிறது? சுண்ணக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து அரைத்துப் பெருஞ் சூளையிலே ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்திற் சுடுகிறார்கள். அப்போது கல் தன்னிடமுள்ள காபனீரொட்சைட்டு வாயுவை வெளியே விடுகிறது. தூய சுண்ணக்கல் 100 கிலோ இட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோ வாயுவாகிக் காற்றிற் கலந்துவிடும். சூளையை எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வரும் புகை இதற்கு மேலதிகம். ஆகவே சூளைக்கு எவ்வளவுதான் தூய எரிபொருளை இட்டாலும், அக்கல்லே விடும் வாயு வந்தே தீரும். உலகில் மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 7 முதல் 8 வீதம் சீமெந்திலிருந்தே வருகிறது என்று கணித்திருக்கிறார்கள். பூமியின் வெப்பம் உயர்வதற்கும், கடல்மட்டம் ஏறுவதற்கும் அவ்வாயுவே தலையாய காரணம். எமது தாழ்ந்த தீவுகளுக்கும் உப்புநீரின்மேல் மிதக்கும் எமது நன்னீருக்கும் கடல் ஏறுவது என்றால் என்னவென்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றொரு செலவு கண்ணெதிரே கிடக்கிறது. கல்லகழ்ந்த பெரும் பள்ளங்களை அப்பகுதியிலே இன்றும் காணலாம். கல்லை எடுத்தால், மழையை வடித்து நீரை ஏந்திய பாத்திரத்தின் ஒரு பகுதியை எடுத்துவிடுகிறோம். கடலோரத்தில் ஆழமாக அகழ்ந்தால் உப்புநீருக்கு வாசல் திறந்துவிடுகிறோம். மூட்டைக்கு இத்தனை ரூபா என்று விற்றபோது அந்தப் பள்ளத்தின் விலையை எவரும் சேர்க்கவில்லை.

இதைச் சொல்வதனால் நான் கைத்தொழிலுக்கு எதிரானவன் என்று எண்ணிவிடாதீர்கள். காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் முதலீட்டு வலயங்கள் அமைக்கும் திட்டங்கள் 2025இல் அறிவிக்கப்பட்டன. வடக்கிலே தொழில் இன்றி வெளிநாட்டுக்கு ஏங்கி நிற்கும் எமது வாலிபர்களுக்கு அவை வேண்டும். நான் கேட்பது ஒன்றே. ஆலை வருமுன், அதற்கு வேண்டிய நீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும், கல் எங்கிருந்து எடுக்கப்படும், பள்ளத்தை மூடுபவர் யார் என்ற நாலு கேள்விகளுக்கும் எழுத்திலே மறுமொழி இருக்க வேண்டும்.

இனிக் கிணற்றடியையும் கல்லகழ்வையும் விட்டுக் கடலுக்குச் செல்வோம். மின்நிலையமும் ஆலையும் ஓரூரில் நிற்பவை. அவற்றின் சொந்தக்காரரை நாம் தேடிப் பிடிக்கலாம். உலக வர்த்தகத்தில் அதுவும் எளிதன்று.

2021ஆம் ஆண்டு மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பல் கொழும்புக்கு அப்பாற் கடலில் நங்கூரமிட்டது. கட்டிச் சில மாதங்களே ஆன புதிய கப்பல். அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றிலே 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. அமிலம் கசிவதை மாலுமிகள் கண்டு, அக்கொள்கலனை இறக்குவதற்குக் கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும், பின் இந்தியாவின் ஹசீரா துறைமுகத்திலும் கேட்டனர். இரண்டும் ஏற்கவில்லை. மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பால் கப்பலில் தீ மூண்டது. பல நாட்கள் எரிந்து, யூன் மாதத்திலே கடலில் அமிழ்ந்தது.

அக்கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. வாளி, கதிரை, போத்தல் முதலிய பொருள்களை வார்க்கும் மூலப்பொருள் அது. ஒவ்வொரு மணியும் பருப்பின் அளவே இருக்கும். அவை மேற்குக் கரையெங்கும் வெண்பனி பெய்தாற்போலக் குவிந்தன. உலகத்திலே பதிவான பிளாஸ்டிக் மணிக் கசிவுகளுள் இதுவே மிகப் பெரியதென ஐக்கிய நாடுகள் அறிஞர்கள் கூறினர். நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து கரையொதுங்கின. நீர்கொழும்புக் கடற்றொழிலாளர் வலை வீசத் தடை வந்தது. வலை வீசியவர்களுடைய மீனையும் வாங்க ஆளில்லை. அந்தப் பிளாஸ்டிக்கை ஏற்றியவர் ஒரு நாட்டவர், வாங்க இருந்தவர் மற்றொரு நாட்டவர், கப்பல் வேறொரு நாட்டினது. அந்த வியாபாரத்தில் ஒரு சதமும் காணாத மீனவர் குடும்பமே அதன் நட்டத்தை ஏற்றது.

நட்டஈட்டின் கதையையும் கேளுங்கள். கப்பலின் கொள்ளளவைக் கொண்டு நட்டஈட்டுக்கு உச்சவரம்பு கட்டும் கடற்சட்டம் ஒன்று நெடுங்காலமாக உண்டு. அதன்படி 2023இல் இலண்டன் நீதிமன்றம் பொறுப்பை ஏறத்தாழ ஒரு கோடியே தொண்ணூறு இலட்சம் பவுணோடு மட்டுப்படுத்தியது. 2025ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி எமது உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு கட்டளையிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரிலே கப்பல் நிறுவனத்தின் தலைமை அதிகாரி அத்தொகையைச் செலுத்த மறுத்துப் பேசினார். செலவு எவ்வளவு என்பதிலே இரண்டு நீதிமன்றங்களின் கணக்குகளுக்கும் இடையே எத்தனை தூரம் பாருங்கள்!

இது ஒருமுறை நடந்த விபத்து என்றும் ஒதுக்க முடியாது. 2025 மே மாத இறுதியிலே கேரளக் கரைக்கப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற மற்றொரு கப்பல் மூழ்கியது. அடுத்த மாதமே மன்னார் உள்ளிட்ட எமது கரைகளிலே பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கத் தொடங்கின. கடலுக்கு எல்லைக்கல் கிடையாது.

பொருள்கள் மாத்திரமன்றிக் குப்பையும் கப்பலேறி வருகிறது. பழைய மெத்தைகளும் கம்பளங்களும் என்று சொல்லிப் பிரித்தானியாவிலிருந்து இந்நாட்டுக்கு 263 கொள்கலன்கள் வந்தன. திறந்து பார்த்தபோது உள்ளே கழிவு இருந்தது. வைத்தியசாலைக் கழிவும் கலந்திருந்ததாகச் சுங்க அதிகாரிகள் கூறினர். ஆபத்தான கழிவுகளை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989இல் உருவாகி 1992இல் அமுலுக்கு வந்தது. அச்சட்டத்தைக் காட்டி வழக்காடியதன் பயனாக, 2020 செப்டெம்பரிலே முதற்றொகுதி திருப்பி அனுப்பப்பட்டது. 2022 பெப்ரவரியிலே கடைசித் தொகுதியும் சென்றது. சட்டம் இருந்தது, கேட்பவர்களும் இருந்தார்கள்; ஆகையாற் குப்பை வந்த வழியே போயிற்று.

பெரியோர்களே, இவ்விடத்தில் உங்களிற் சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். "நாம் ஏழை நாட்டவர். உலகைப் புகையால் நிரப்பியவர்கள் பணக்கார நாட்டவர். முதலில் அவர்கள் திருந்தட்டும், நாம் முன்னேறிய பின் பார்ப்போம்" என்று நீங்கள் கேட்கக்கூடும். இதில் நியாயம் உண்டு. இலங்கையில் ஆளொருவர் ஆண்டுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரியோ அதன் நாலு மடங்குக்கு மேல். மேலும், பணக்கார நாடுகள் தமக்கு வேண்டிய பொருள்களைப் பிற நாடுகளிற் செய்வித்து வாங்குகின்றன. பொருள் அங்கே போகிறது. புகை செய்த நாட்டின் பெயரிலே எழுதப்படுகிறது.

இப்போது ஐரோப்பிய ஒன்றியம் புதியதொரு விதி செய்திருக்கிறது. சீமெந்து, இரும்பு, அலுமினியம், பசளை முதலியவற்றை வெளியிலிருந்து வாங்கும்போது, அவற்றைச் செய்கையில் வெளிவந்த காபனீரொட்சைட்டுக்கும் எல்லையிலே கட்டணம் கேட்கும் விதி அது. 2023 ஒக்டோபரிலிருந்து கணக்குக் காட்டச் சொன்னார்கள். 2026 சனவரி முதல் இறக்குமதியாகும் பொருள்களுக்கு அக்கணக்கு கட்டணமாகிறது. எழுதாத செலவை எழுதுவது என்ற அளவிலே இது நல்லதே. ஆனால் நூறாண்டுகளுக்கு மேல் கணக்கில்லாமற் புகைத்தவர்கள், நேற்றுச் சூளை மூட்டியவரிடம் முதற் சீட்டை நீட்டுவது முழு நியாயமாகாது. அக்கட்டணத்தில் ஒரு பங்காவது வறிய நாடுகள் தம் ஆலைகளைத் திருத்தப் பயன்பட வேண்டும் என்று கேட்பது எமது உரிமை.

ஆனாலும் அந்த நியாயத்தைச் சொல்லி நாம் எமது கிணற்றைக் கெடுத்துக்கொள்ள முடியுமா? சுன்னாகத்து எண்ணெய் ஐரோப்பியனுடைய கிணற்றிற் கலக்கவில்லை. 2022ஆம் ஆண்டையும் மறந்துவிடாதீர்கள். எண்ணெயும் நிலக்கரியும் வாங்க நாட்டிலே டொலர் இருக்கவில்லை. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். பிறநாட்டு எரிபொருளிலே தங்கியிருப்பதன் விலையை அன்று கண்டோம். இந்நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென்று 1918ஆம் ஆண்டிலேயே பொறியியலாளர் விமலசுரேந்திரா எடுத்துரைத்தார். பல தடைகளைக் கடந்து லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். நல்ல யோசனை ஒன்று முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. காற்றையும் வெயிலையும் பயன்படுத்துவதில் நாம் மீண்டும் அவ்வாறு காலம் கடத்தலாகாது.

ஆயினும் காற்றும் வெயிலும் செலவற்றவை என்று எவரும் சொன்னால் அதையும் நம்பிவிடாதீர்கள். மன்னாரிலே 103.5 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதி 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. மன்னார் தீவு தூரதேசத்துப் பறவைகள் வந்து தங்கும் இடம். வெள்ளம் வடியும் வழிகள் அடைபடுகின்றன என்றும், மீன்பிடிக்கு இடையூறு உண்டென்றும் சொல்லி, மேலும் காற்றாலைகள் வருவதை எதிர்த்து 2025இல் அத்தீவு மக்கள் வீதிக்கு வந்தனர். அவர்களை முன்னேற்றத்தின் பகைவர் என்று சொல்லிவிடுவது இலகு. அவர்கள் கேட்பதும் நாம் கேட்கும் கணக்கையே. கூரைச் சூரியத் தகடுகளுக்கும் கணக்குண்டு. 2025 ஏப்ரற் புத்தாண்டு விடுமுறையிலே மின்பாவனை குறைந்தபோது, அத்தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டியது. வெயிலைச் சேமித்து இரவுக்கு வைக்கும் மின்கலங்கள் போதாமையே அதற்குக் காரணம்.

சூழலைக் காப்பதாகச் சொல்லியும் எளியவரின் தலையிலே செலவை ஏற்றிவிடலாம். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் விழுந்தது, கமக்காரன் கடனாளியானான், நவம்பரிலே தடை தளர்ந்தது. எமது தோட்டங்களிலே அளவுக்கு மிஞ்சி இட்ட பசளையால் கிணற்றுநீரில் நைத்திரேற்று ஏறியிருப்பது உண்மை. அது குழந்தைகளுக்கு ஆகாது என்பதும் உண்மை. ஆனால் மண்ணைப் பரிசோதித்து, ஆண்டாண்டாய் அளவைக் குறைத்து, அவ்விடைக்காலத்து நட்டத்தை நாடே பகிர்ந்துகொண்டிருக்க வேண்டும். நோய் உண்மையானதென்பதற்காக எந்த மருந்தும் நல்ல மருந்தாகிவிடாது.

இளைஞர்களே, இனி உங்களுக்கு நாலு வேலைகள் சொல்லி முடிக்கிறேன். நாலும் இச்சங்கத்தால் இயன்றவை.

முதலாவது, கிணற்றுக் கொப்பி. ஒவ்வோர் ஊரிலும் பத்துக் கிணறுகளைத் தெரிந்தெடுங்கள். மாரி முடிந்ததும் ஒருமுறை, மாரி தொடங்குமுன் ஒருமுறை, நீர் எத்தனை அடியில் நிற்கிறது, உப்பு எவ்வளவு என்று அளந்து திகதியோடு எழுதுங்கள். பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்கள் வழிகாட்டுவார்கள். பத்தாண்டுக் கொப்பி ஒன்று இருந்தால், நாளை எந்த நீதிமன்றத்திலும் அது சாட்சி சொல்லும்.

இரண்டாவது, திட்டங்களை முன்கூட்டிப் படியுங்கள். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும், பெருந்திட்டங்களின் சூழற் பாதிப்பு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட 30 நாட்கள் தருகின்றன. அந்த 30 நாளுக்குள் எழுதி அனுப்பும் ஒரு கடிதம், ஆலை வந்தபின் செய்யும் பெருங் கிளர்ச்சியைப் பார்க்கிலும் பயனுடையது. உங்களிற் சட்டம் படிப்பவரும் பொறியியல் படிப்பவரும் சேர்ந்து அவ்வறிக்கைகளைப் படித்து, ஊரார்க்கு எளிய தமிழிலே சொல்லுங்கள்.

மூன்றாவது, கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் குடிமகனுக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. எந்தக் கல்லகழ்வுக்கு அனுமதி உண்டு, எத்தனை அடி ஆழம், எந்தக் கழிவுநீர் சோதிக்கப்பட்டது என்று மரியாதையாக, எழுத்திலே, விடாது கேளுங்கள்.

நாலாவது, எமது முற்றத்தைப் பாருங்கள். பெரிய மின்நிலையத்தைக் குறைசொல்லும் ஊரிலேயே, மோட்டார்ச் சைக்கிள் திருத்துமிடங்களில் வடித்த பழைய எண்ணெய் வேலியோரத்திலே ஊற்றப்படுகிறது. கீழே இருப்பது அதே கல். அவ்வெண்ணெயைப் பீப்பாய்களிலே சேர்த்து, அனுமதி பெற்ற சேகரிப்பவர்களிடம் ஒப்படைக்கச் சங்கம் ஓர் ஒழுங்கு செய்தாற் போதும். பல கிணறுகள் தப்பும்.

சபையோர்களே! எமது முன்னோர் கிணறு வெட்டும்போது தமக்கென்று மாத்திரம் வெட்டவில்லை. வழிப்போக்கனுக்கும் மாட்டுக்கும் என்று தெருவோரத்திலே கேணியும் ஆவுரோஞ்சிக் கல்லும் வைத்தார்கள். தாம் காணாத ஒருவனின் தாகமும் அவர்களுடைய கணக்கிலே இருந்தது. இன்று நாம் எரிக்கும் விளக்குக்கும் கட்டும் வீட்டுக்கும் வாங்கும் பொருளுக்கும், நாம் காணாத ஒருவர் எங்கோ விலை கொடுக்கிறார். சில வேளைகளில் அவர் நீர்கொழும்பு மீனவர். சில வேளைகளில் அவர் எமது பேரப்பிள்ளை. அந்தக் கணக்கைத் திட்டத்தின் முதற் பக்கத்திலேயே எழுதும்படி கேட்கத் துணிவுள்ள வாலிபர்கள் ஊருக்குப் பத்துப்பேர் இருந்தாற் போதும். அப்பத்துப்பேரை இச்சங்கம் தரும் என்று நம்புகிறேன். கிணற்றுக் கொப்பியை இந்த மாரி முடிந்ததும் தொடங்குங்கள்.